காவற்காரனை மாற்றின சனிக்கிழமை

1

மின்சாரக் கம்பி எட்டிப் பார்க்காத தீவில் ரிவியும் படம் போடுகிற டெக்கும் ஓடவிட்டவன் நான். ஜெனரேற்றரை வள்ளத்தில் ஏற்றி, அலை அடித்து நனைந்துவிடும் என்று என் உடம்பாலேயே மூடிக்கொண்டு போய் இறக்கினேன். பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். மண்ணெண்ணெயில் அரிசி ஆலையை ஓட்டினவன் நான். பிள்ளைப்பேற்று அறையில் விளக்கில்லை என்று மருத்துவிச்சி வந்து நின்றபோது உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு ஓடினவனும் நான்தான்.

கனடாவுக்கு வந்து, கம்பனிகள் பின்வாசலில் எறிந்த கொம்பியூட்டர்களைப் பொறுக்கினேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றுக்குள் வைத்துத் திருத்தினேன். புதிதாக வந்து இறங்கிய எங்கள் சனத்தின் பிள்ளைகள் எத்தனை பேர் நான் கொடுத்த கொம்பியூட்டரில் படித்து இன்றைக்கு டாக்டர், எஞ்சினியர் என்று நிற்கிறார்கள். பிறகு சேர்வருக்கு மாறினேன். செத்துப்போன சேர்வர் மூன்றைத் தந்தால் உயிருள்ள சேர்வர் ஒன்றைச் செய்து தருவேன். மார்க்கத்தில், யூனியன்வில் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு யூனிற் இருக்கிறது. அங்கே நான் செய்த சேர்வர்கள் ஓடுகின்றன. பல்வைத்தியர், கணக்காளர், மரணச்சேவை மண்டபம் என்று எங்கள் ஆட்களின் தொழில்கள் பல அவற்றின் மேல் ஓடுகின்றன. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை.

இவ்வளவையும் செய்தேன். ஒன்றிலும் என் பெயர் இல்லை. ஊர்த் தேவாலயத்துக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தபோது விழா மலரில் ‘ஓர் அன்பர்’ என்று போட்டார்கள். போடச் சொன்னது நான்தான். யூனிற்றின் வாசலில் இலக்கம் மட்டும்தான் இருக்கிறது, பலகை இல்லை.

இந்த முறை ஊர் ஒன்றியத்தார் மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நான் ரொறொன்ரோவில் வந்து இறங்கியது ஒரு சனவரியில். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மனிசி பிலோமினா ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள், நான் கோப்பி குடிப்பேன், அவ்வளவுதான். இந்த வருடம் அந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் ஆமி சந்தியில் எல்லாரையும் வரிசையாக நிற்பாட்டும், ஒருவன் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவான். கூப்பிட்ட பெயர் உன்னுடையது என்றால் நீ மற்றப் பக்கம் போகவேண்டும். மற்றப் பக்கம் போனவர்களில் கொஞ்சப் பேர்தான் திரும்பி வந்தார்கள். என்னோடு வரிசையில் நின்ற ஒருவன், தன் பெயரும் கூப்பிட்ட பெயரும் ஒன்று என்பதற்காக மட்டும் போனான். ஆள் அவன் இல்லை. பெயர்தான் அவனுடையது. அன்றைக்குப் பிடித்த பயம் என்னை இன்னும் விடவில்லை.

கனடாவில் இமிகிறேசன் கந்தோரில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என் தகப்பன், அப்புவின் பெயரைச் சொன்னேன். என் பெயர் சவிரிமுத்து, அப்பு பேதுருப்பிள்ளை. அவர்கள் அதை வெட்டிக் கொத்தி என்னை ‘மிஸ்டர் பேதுரு’ ஆக்கினார்கள். வங்கியிலும் மிஸ்டர் பேதுரு, ஆஸ்பத்திரியிலும் மிஸ்டர் பேதுரு. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது செத்துப்போன அப்பு உள்ளே வருகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. என் சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது ஒரு போர்வை மாதிரி இருந்தது.

வீட்டிலும் அதுதான் சட்டம். கடிதப் பெட்டியில் பெயர் இல்லை. பிள்ளைகளின் புத்தகப் பையில் பெயர் எழுத விடவில்லை. மூத்தவள் ஜெசிந்தாவுக்குப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்குப் பரிசு கிடைத்து, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படமும் பெயரும் கேட்டபோது, நான் கையெழுத்துப் போடவில்லை. “பேரை எங்கயும் போடாதை, பிள்ளை. கண்டவன் எல்லாம் பாப்பான்.” அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ஜெசி இப்போது மிசிசாகாவில் ஒரு பெரிய கம்பனியில் கொம்பியூட்டர் எஞ்சினியர். அங்கேயே வீடு. ஞாயிற்றுக்கிழமை வருவாள், சில ஞாயிறு வரமாட்டாள். காரில் போகும்போது ஃபோன் எடுப்பாள். “சாப்பிட்டீங்களா அப்பா? ஓகே அப்பா. ட்ரஃபிக் அப்பா.” அதோடு கதை முடிந்துவிடும். சின்னப் பிள்ளையோடு கதைப்பது மாதிரி மெல்ல மெல்லத் தமிழ் கதைப்பாள். தமிழ் எழுத்து ஒன்றும் வாசிக்கத் தெரியாது.

3

சேர்வர் என்றால் உங்கள் மேசையில் இருக்கிற கொம்பியூட்டரின் பெரியண்ணன். திரை இல்லை, இரவு பகல் நிற்காமல் ஓடும். அதற்குள்ளே இன்னொரு குட்டிக் கொம்பியூட்டர் இருக்கிறது. பெரியவன் நித்திரை என்றாலும் குட்டி முழித்திருக்கும். சூடு பார்க்கும். விசிறிகளைக் கூட்டிக் குறைக்கும். நான் வீட்டில் இருந்தபடியே பெரியவனை எழுப்பவும் படுக்கவைக்கவும் வழி விடும். நான் அதைக் காவற்காரன் என்பேன். காவற்காரன் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்குள் எழுதி வைத்திருப்பதைத்தான் பேம்வெயர் என்கிறார்கள்.

மார்கழி மாதம் ஜெசி யூனிற்றுக்கு வந்தாள். கிறிஸ்மஸ் கேக் கொண்டுவந்தவள், சும்மா தன் லப்ரொப்பைத் திறந்து எதையோ தட்டினாள். முகம் மாறிவிட்டது.

“அப்பா, இது நல்லா இல்லை. உங்கட காவற்காரன் கேற்றைத் திறந்து வைச்சிட்டு நித்திரை. வெளியில இருந்து ஆரும் உள்ள வரலாம்.”

“ஆர் வாறது?”

“ஆரும் அப்பா. உலகத்தில எந்த மூலையில இருந்தும்.”

சேர்வர் செய்த கம்பனியிடம் புதுப் பேம்வெயர் கேட்கலாம் என்றேன். அந்த மொடல் பழசு, அவர்கள் கைவிட்டு வருடக்கணக்கு என்றாள். புதுச் சேர்வர் வாங்க வேண்டும் என்றால் யூனிற்றையே விற்கவேண்டும்.

அப்போது சொன்னாள், இன்னொரு வழி இருக்கிறதாம். காவற்காரனுக்கான பேம்வெயரை உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்களாம். அந்த மூல எழுத்தை எடுத்து, எங்கள் சேர்வருக்கு ஏற்ற மாதிரிச் சொல்லிக்கொடுத்து, நாங்களே இங்கே செய்துகொள்ளலாமாம். காசு இல்லை.

“ஆர் எழுதினது?”

“எல்லாரும்.”

“எல்லாரும் எண்டால்? ஆரெண்டு தெரியாத ஆக்களின்ர சாமானை என்ர மெஷினுக்குள்ள விடுறதோ?”

“தெரியும் அப்பா. ஒவ்வொரு வரிக்கும் ஆர் எழுதினதெண்டு பேர் இருக்கு. உண்மையான பேர் போடவேணும், அதுதான் ரூல்.”

“எல்லாரும் பாக்கிற இடத்திலயோ?”

“ஓம்.”

“விசரே அவையளுக்கு?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

4

சனவரி முதல் சனிக்கிழமை காலையில் மூலத்தில் இருந்து செய்யத் தொடங்கினாள். நஸீரும் வந்திருந்தான். நஸீர் மன்னார்க்காரன், பிறம்ரனில் களஞ்சியங்களில் கழிக்கிற சாமான்களை ஏலத்தில் எடுத்து லொறியில் எனக்குக் கொண்டுவருவான். என் சேர்வர்களில் பாதி அவன் கொண்டுவந்த எலும்புகளால் ஆனவை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு, வாய் மட்டும் என்னைவிட மூப்பு.

நான் நினைத்தது, பேம்வெயர் என்றால் ஒரு பொத்தானை அமத்த வரும் என்று. அப்படி இல்லை. லப்ரொப் எங்கெங்கோ இருந்து துண்டு துண்டாக இறக்கியது. இறக்கினதை அரைத்தது, சலித்தது, ஒட்டியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. காலையில் தொடங்கினது பின்னேரம் வரைக்கும். லப்ரொப்பின் அடி கொதித்தது. அதற்குக் கீழே நான் இரண்டு மரக்கட்டை வைத்தேன்.

“மஞ்சள் வரி வந்தால் பயமில்லை அப்பா. சிவப்பு வந்தால் கூப்பிடுங்கோ,” என்று சொல்லிவிட்டு அவள் மற்ற வேலை பார்த்தாள்.

நான் கதிரையைப் போட்டு முன்னால் இருந்துவிட்டேன். மஞ்சள் வந்தது.

“ஜெசி!”

“மஞ்சள் அப்பா.”

மறுபடி வந்தது. “ஜெசீ!”

“அப்பா!”

நஸீர் பெட்டி கட்டிக்கொண்டு நின்றவன் சொன்னான்: “அண்ணை, அடுப்பில பால் வைச்ச பொம்பிளை மாதிரி இருக்கிறியள். கொஞ்சம் கண்ணை எடுங்கோ, பொங்காது.”

“உனக்கென்ன, இது பொங்கினால் என்ர குடும்பமல்லோ நடுறோட்டில.”

ஒருமுறை சிவப்பு வந்தது. அவள் வந்து பார்த்து, ஏதோ ஒரு துண்டு இல்லையாம், அதை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி ஓடியது. கடைசியில் வந்தது ஒரு சின்னப் பொட்டலம். இவ்வளவு அரைத்தும் இவ்வளவுதானா என்று கேட்டேன். “காவற்காரன் குட்டி தானே அப்பா,” என்றாள்.

செய்ய முன்னர் அவள் என்னிடம் கேட்டிருந்தாள், சேர்வர்கள் எந்த மொடல் என்று. நான் பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்துச் சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லாரும் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்வோம். வாங்குகிறவனும் பெட்டியைத்தான் கேட்பான். மொடல் என்றால் பெட்டி. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

ஓடாமல் சும்மா இருந்த ஒரு சேர்வரில் முதலில் போட்டுப் பார்த்தாள். காவற்காரன் கண்ணை மூடினான், திறந்தான். விசிறி சுழன்றது, சூடு சரி. கேற்றும் பூட்டியாயிற்று. நஸீர் என் முதுகில் தட்டினான். நான் அன்றைக்கு நல்ல நித்திரை கொண்டேன். பயமில்லாமல் நான் நித்திரை கொள்வது குறைவு.

5

அடுத்த சனிக்கிழமை ஓடுகிற சேர்வர்கள். மரணச்சேவை மண்டபத்தின் சேர்வரில் இருந்து தொடங்கினோம். அதில்தான் ஓட்டை பெரிது என்றாள்.

அந்த மண்டபம் என் பெரிய வாடிக்கை. இங்கே ஒருவர் செத்தால் ஊரில் இருப்பவர்கள், நோர்வேயில் இருப்பவர்கள், எல்லாரும் அந்தச் சேர்வர் வழியாகத்தான் நேரலையில் பார்க்கிறார்கள். அன்றைக்கும் ஒரு செத்தவீடு. ஸ்காபரோவில் தனியே இருந்த ஒரு மனிதர். மனிசியும் பிள்ளைகளும் ஊரில். வருவதற்கு விசா கொடுக்கவில்லை. பின்னேரம் ஒரு மணிக்கு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். காவற்காரனை மாற்றும்போது பெரியவன் நிற்கமாட்டான், தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பான் என்று ஜெசி சொன்னாள். அப்படியே பார்த்தாலும் ஒரு மணிக்கு நேரம் தாராளமாக இருந்தது.

காவற்காரன் கண்ணை மூடினான். திறந்தான்.

விசிறிகள் நின்றன.

அந்த அறையில் நான் எத்தனை வருடம் இருந்திருக்கிறேன். இரைச்சல்தான் அந்த அறையின் மூச்சு. மற்றச் சேர்வர்கள் இரைந்துகொண்டுதான் நின்றன. ஆனால் இது ஒன்று வாயை மூடினது எனக்குத் தனியே கேட்டது. ஊரில் ஜெனரேற்றர் ஓடும்போது வெளியில் ஒன்றும் கேட்காது. படம் நடுவில் நின்று, ஜெனரேற்றர் சடக்கென்று அமர்ந்த பிறகுதான், மேலே ஹெலி ஒன்று சுற்றிக்கொண்டிருப்பது கேட்கும். சனம் படத்துக்காகச் சத்தம் போடாது. ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அந்த அமைதி. அதே அமைதி மார்க்கத்தில், என் சொந்த யூனிற்றில்.

“ஜெசி, என்ன இது?”

அவள் திரையைக் காட்டினாள். சூட்டின் இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது சுவரில் தொங்கிய என் ஜக்கற்றுக்குள் ஃபோன் அடித்தது. மண்டபத்து மனேச்சர்.

“அண்ணை, மெசேச் போட்டனான் பாத்திருப்பியள். ஊரில நடுச்சாமமாகிடும் எண்டு காலமைக்கு மாத்திப்போட்டம். லைவ் அந்தமாதிரி, நல்லாப் போகுது. சரியான தாங்க்ஸ்.”

“எப்ப முடியும்?” என்று மட்டும் கேட்டேன்.

“இப்பத்தானே சுவாமியார் தொடங்கினவர். பெட்டி மூட இன்னும் நேரமிருக்கு.”

ஜெசியிடம் சொன்னேன். அவள் கையைத் தலையில் வைத்தாள். “அப்பா, ஓஃப் பண்ணவேணும். பேர்ன் ஆகிடும். சொறி சொல்லுவம்.”

நான் ஃபோனில் நேரலையைத் திறந்து அவளுக்குக் காட்டினேன். பூ வைத்த பெட்டி. ஒரு பக்கத்தில் நாலைந்து பேர். படத்துக்குக் கீழே எழுத்து ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன எழுதியிருக்கினம்?” என்று கேட்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாதே.

“பிள்ளையள் எழுதுதுகள்.”

“என்னெண்டு?”

“அப்பா, எங்களுக்கு விசா தரேல்லை, அதுதான் வரேல்லை. கோவிக்காதையுங்கோ. அம்மா பக்கத்தில இருக்கிறா. பாத்துக்கொண்டிருக்கிறம்.”

அவள் ஃபோனை வாங்கி லப்ரொப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். பிறகு ஓஃப் பண்ணுகிற கதையை விட்டுவிட்டு லப்ரொப்பின் பக்கம் திரும்பினாள்.

நஸீர்தான் யோசனை சொன்னான். “அண்ணை, வெளியில மைனசில கிடக்கு. உந்தக் கதவைத் தூக்குங்கோ.”

லொறி வந்து நிற்கிற பெரிய சுருட்டுக் கதவு. சங்கிலியை இழுத்தேன். ரொறொன்ரோவின் சனவரி முழுவதும் உள்ளே வந்தது. இத்தனை வருடம் இந்தக் குளிரைத் திட்டித் திட்டியே வாழ்ந்தவன், அன்றைக்குத்தான் அதை வா வா என்று கூப்பிட்டேன். சேர்வரின் மூடியைக் கழற்றினோம். நஸீர் ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்துப் பிடித்து, காற்றை அதன் நெஞ்சுக்குள் திருப்பினான். நான் இன்னொரு மட்டையால் விசுக்கினேன். இலக்கம் ஏறுவது மெதுவானது. நிற்கவில்லை.

“அண்ணை, பனி உள்ள போகாமப் பாருங்கோ!”

“நீ மட்டையைப் பிடி!”

“பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன், விரல் இருக்கோ இல்லையோ தெரியேல்லை!”

ஜெசி கத்தினாள்: “அப்பா! நான் லேபிள்ல இருந்த மொடலுக்குத்தான் செய்தனான். மற்றதில வேலை செய்தது. இதில ஏன் விசிறியைக் காணேல்லை? இது அந்த மொடல்தானே?”

“பெட்டி அதுதான்.”

“பெட்டியா?”

“மற்றது முழுக்க ஒரே மெஷின். இது பெட்டி மட்டும் அது. தாய்ப்பலகை வேற ஒண்டின்ர. விசிறித் தட்டு இன்னொண்டின்ர.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

“ஏன் சொல்லேல்லை?”

“நீ மொடல் என்னெண்டு கேட்டாய். சொன்னன்.”

நஸீர் மட்டைக்குப் பின்னால் இருந்து சொன்னான்: “பிள்ளை, உங்கட அப்பான்ர மெஷின் ஒவ்வொண்டுக்கும் மூண்டு தாய். பிறப்புச் சேட்டிபிக்கற் எடுக்கேலாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

“அப்பா, இஞ்ச பாருங்கோ.” அவளுடைய குரல் இறங்கிவிட்டது. சின்ன வயதில் காய்ச்சலோடு கூப்பிடுவது மாதிரி இருந்தது. “விசிறித் தட்டு எதின்ர? எந்த வயர் எங்க போகுது? நீங்க சொன்னால்தான் நான் எழுதலாம்.”

என்னால் முடியாதது ஒன்றுமில்லை என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அந்த நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மூளை வெள்ளையாகக் கிடந்தது. கண்ணாடியில் பனிப்புகார் மூடியது. கழற்றி எறிந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கிற சேர்வருக்குள் முகத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கக் கன்னத்தில் சூடு, மறு பக்கக் கன்னத்தில் பனி. தொடக்கூடாத இடத்தில் விரல் பட்டால் அந்தப் பிள்ளைகளின் தகப்பன் திரையில் இருந்து மறைந்துவிடுவார். விரலை நெஞ்சோடு சேர்த்து ஒரு தரம் சிலுவை போட்டுவிட்டு உள்ளே விட்டேன்.

விரல் வயரைத் தொட்டதும் ஞாபகம் வந்தது. கண்ணால் வரவில்லை, விரலால் வந்தது. இந்த வயர் கட்டையாக இருந்தது, எட்டவில்லை, அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். இதற்குப் பக்கத்தில் இருந்த கொழுவி உடைந்திருந்தது, அதனால் அடுத்ததில் கொழுவினேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். தட்டின் அடியில் அச்சடித்திருந்த இலக்கத்தையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவள் தட்டினாள்.

“கடைசி விசிறி?”

“அது முதலாவதில.”

“ஷுவர்?”

“ஓம்.”

ஷுவர் இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி செய்யவேண்டும். ஒரு நாள் முழுக்க அரைக்குமோ என்று கேட்டேன். மாறின துண்டை மட்டும்தான் செய்யும் என்றாள். எழுத்து ஓடியது. மஞ்சள் வந்தது, நான் கத்தவில்லை. நஸீரின் மீசையில் ஐஸ் பிடித்திருந்தது. ஃபோன் திரையில் சுவாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

காவற்காரன் கண்ணை மூடினான்.

திறக்கச் சென்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாதாவே என்று நான் சொன்னதும், அல்லாவே என்று நஸீர் சொன்னதும் ஒன்றாகக் கேட்டது.

விசிறிகள் கத்திக்கொண்டு எழும்பின. கடைசி விசிறியும் சுழன்றது. நான் அந்தச் சீமெந்து நிலத்திலேயே இருந்துவிட்டேன். பெட்டியை மூடினதை நானும் ஜெசியும் ஒரே ஃபோனில் பார்த்தோம். அந்த மனிதரை எங்களுக்குத் தெரியாது. கடைசியாக ஏறின எழுத்தை அவள் கேட்காமலே வாசித்துக் காட்டினேன்: “போயிட்டு வாங்கோ அப்பா.” அவள் எழும்பிப் போய்ச் சுருட்டுக் கதவை இறக்கினாள்.

6

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசி சாப்பிட வந்தாள். இறைச்சிக் கறிக்கு நடுவில் ஃபோனை நீட்டினாள். நாங்கள் எழுதினதை அந்த மூல எழுத்துக்காரருக்கு அனுப்பினாளாம். இப்படிக் கலந்து செய்த சேர்வர் வேறு நாடுகளிலும் இருக்கிறதாம், அவர்களுக்கும் உதவுமாம். அதைப் பார்க்கிற பெரிய ஆட்கள் கேள்வி கேட்டு, சரி பார்த்து, சேர்த்துக்கொண்டார்களாம்.

பார்த்தேன். அவளுடைய பெயர் முழுதாக இருந்தது. பத்திரிகையில் போட நான் விடாத அதே பெயர். அதற்கு மேலே இங்கிலிசில் ஒரு வரி.

“இதில என்ன கிடக்கு?”

“விசிறி எங்க எங்க இருக்கெண்ட விபரம் ஒரு பழைய சேர்வர் திருத்திறவர் தந்தது எண்டு.”

“ஒரு திருத்திறவரோ?”

“ஓம்.”

“அவருக்குப் பேர் இல்லையோ?”

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். “அப்பா, நீங்கதானே! பையில போடாதை, பெட்டியில போடாதை, எங்கயும் பேர் போடாதை எண்டு சொல்லிச் சொல்லி வளத்தீங்க. இது முழு உலகமும் பாக்கிற இடம். நான் உங்களைக் கேக்காமல் எப்பிடிப் போடுறது? நீங்க பயப்பிடுவீங்க எண்டுதான் போடேல்லை.”

பிலோமினா அடுப்படியில் இருந்து சொன்னாள்: “போடாததுதான் நல்லது. ஆர் ஆர் பாப்பினமோ.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மகள் சொன்னது முழுதும் உண்மை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த வரி மீன் முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு திருத்துகிறவர். சந்தியில் பெயர் கூப்பிட்டவன் என்னை அழிக்கவில்லை. இமிகிறேசன் கந்தோர் என்னை அழிக்கவில்லை. என்னை நானே அழித்து, என் பிள்ளைக்கும் அழிக்கப் பழக்கிவிட்டேன் போல இருக்கிறது. அந்த விசிறிகள் எங்கோ ஒரு நாட்டில் சுழலும். எப்படிச் சுழலவேண்டும் என்று ரொறொன்ரோக் குளிரில் கன்னம் வெந்து சொன்னவன் ஆர் என்று ஒருவருக்கும் தெரியாது.

பெயரை இப்போது சேர்க்கலாமோ என்று கேட்டேன். சேர்த்து முடிந்ததைத் திருத்த முடியாதாம். அடுத்த மாற்றம் அனுப்பும்போது போடலாமாம். சோதித்துப் பார்த்தவர் என்று போட ஒரு வரி, சேர்ந்து எழுதினவர் என்று போட ஒரு வரி இருக்கிறதாம்.

அடுத்த மாற்றம் கட்டாயம் வரும். என் மற்றச் சேர்வர்களின் கேற் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அவற்றின் பெட்டிக்குள் எந்தத் தாய்ப்பலகை, எந்தத் தட்டு, எந்த வயர் எங்கே கொழுவியிருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்த ஆள் ஒருவன்தான். வருகிற சனிக்கிழமை ஜெசி வருகிறாள். எல்லாவற்றையும் சொல்லுவேன். ஆனால் முதலில் பெயர், பிறகு வயர்.

பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இதை எழுதும்போதும் வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டு எழும்பிப் போய்த் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் பீற்சா வந்திருக்கிறது. பயத்தோடேயே கேட்கிறேன்.

ஜெசி, இதை உனக்கு நானே வாசித்துக் காட்டுவேன்: சோதித்துப் பார்த்தவர் என்று போடாதே, நன்றி என்றும் போடாதே. சேர்ந்து எழுதினவர் என்று போடு. மிஸ்டர் பேதுரு என்று போடக்கூடாது, அது உன் அப்பப்பா. மலர்க் குழுவினருக்கும் அதேதான். இந்தக் கட்டுரைக்கு மேலே ‘ஓர் அன்பர்’ என்று போட்டால் நான் மலரைத் திருப்பி அனுப்புவேன். தலைப்புக்குக் கீழே, தடித்த எழுத்தில், முழுதாகப் போடவேண்டும்:

சவிரிமுத்து பேதுருப்பிள்ளை.